மறந்துபோன கிளாம் மெட்டல் குழுவின் எழுச்சியையும் பிரிவையும் எழுதுவது எப்படி: கிக்ஸ் குழுவை வைத்து ஒரு செய்முறை

பளபளப்பான உடையும் ஒப்பனையுமாக 1980களில் கனமான ராக் வாசித்த அமெரிக்கக் கிளாம் மெட்டல் குழுக்களைப் பற்றி வரும் கட்டுரைகளில் பாதியை, பெயரை மட்டும் மாற்றிவிட்டு இன்னொரு குழுவுக்குப் பயன்படுத்திவிடலாம். கிளப்பில் வாசித்தார்கள், லேபிள் (இசை வெளியீட்டு நிறுவனம்) கிடைத்தது, எம்.டி.வி.யில் ஒரு மெதுவான பாட்டு ஓடியது, 1991இல் நிர்வாணா என்ற கிரஞ்ச் ராக் குழு வந்தது, கதை முடிந்தது. மோட்லி க்ரூ, பாய்சன் போன்றவர்களுக்காவது தனிப் புத்தகங்கள் உண்டு. அடுத்த வரிசையில் நின்றவர்களுக்கு இந்த நாலு வரிதான் மிஞ்சுகிறது. அவர்களில் பலர் முன்வரிசைக்காரர்களைவிட நன்றாக வாசித்தவர்கள் என்பதால் இது வருத்தமான விஷயம்.

கிக்ஸ் அப்படிப்பட்ட குழு. மேரிலாந்து மாநிலத்தில் ஹேகர்ஸ்டவுன் என்ற சிறிய ஊரில் 1977இல் தொடங்கியது. ஸ்டீவ் வைட்மேன் பாட்டு, டானி பர்னெல் பேஸ், பிரையன் ஃபோர்சைத்தும் ரானி யங்கின்ஸும் கிட்டார், ஜிம்மி சால்ஃபன்ட் டிரம்ஸ். அவர்களை எடுத்துக்காட்டாக வைத்து, இப்படியொரு குழுவின் வரலாற்றைச் சரியாகத் தொகுப்பது எப்படி என்று இங்கே சொல்கிறோம். கட்டுரை, பாட்காஸ்ட், வீடியோ எதற்கும் இதே முறைதான். வேண்டியவை: ஒரு ஸ்ப்ரெட்ஷீட், ஒரு பூதக்கண்ணாடி, சின்ன டார்ச் லைட், குழுவின் ஆல்பங்கள் ஏதாவது ஒரு வடிவில் கையில் (பழைய சி.டி. போதும், எல்.பி. என்ற பெரிய இசைத்தட்டு என்றால் இன்னும் நல்லது), பாட்டு, ஆல்பத் தரவரிசைகளை வெளியிடும் பில்போர்டு பத்திரிகையின் பழைய இதழ்கள். கடைசியாகச் சொன்னதன் ஸ்கேன் பிரதிகள் கூகுள் புக்ஸில் நிறையக் கிடைக்கின்றன.

முதலில் எல்லை

தேடத் தொடங்குவதற்கு முன் குழுவின் எல்லாப் பெயர்களையும் எழுதி வையுங்கள். கிக்ஸ் முதலில் ஷூஸ் என்றும் பிறகு ஜெனரேட்டர்ஸ் என்றும் பெயர் வைத்திருந்தது. 1970களின் கடைசியில் வந்த உள்ளூர்ப் பத்திரிகை விளம்பரங்களில் கிக்ஸ் என்று மட்டும் தேடினால் பாதி கிடைக்காது.

அடுத்து, எவற்றோடு குழம்பும் என்று பாருங்கள். கிக்ஸ் என்று காலை உணவுத் தானியம் ஒன்று அமெரிக்காவில் இருக்கிறது. கன்ட்ரி இசைப் பாடகர் கிக்ஸ் புரூக்ஸ் இருக்கிறார். அதே காலத்தில் கிக் ட்ரேசி என்று இன்னொரு ராக் குழுவும் இருந்தது. அதனால் ஒவ்வொரு தேடலிலும் குழுவின் பெயரோடு உறுப்பினர் ஒருவரின் குடும்பப்பெயரையோ ஊர்ப்பெயரையோ சேர்த்துப் போடுங்கள். பர்னெல் என்ற பெயரைச் சேர்த்தாலே குப்பை பெருமளவு கழிந்துவிடும். ஹேகர்ஸ்டவுனின் ஹெரால்ட்-மெயில், பால்டிமோரின் சன் ஆகிய இரண்டு நாளிதழ்களும் இந்தக் குழுவுக்கு முக்கியம். லாஸ் ஏஞ்சலஸ் பத்திரிகைகளில் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். கிக்ஸ் லாஸ் ஏஞ்சலஸின் கிளப் தெருவான சன்செட் ஸ்ட்ரிப்பில் வளர்ந்த குழு இல்லை. மேரிலாந்து, பென்சில்வேனியா, வர்ஜீனியா கிளப்புகளில் வளர்ந்த குழு. பால்டிமோரின் ஹாமர்ஜாக்ஸ் கிளப்தான் அவர்களுக்குத் தாய்வீடு மாதிரி. பலரும் சறுக்குவது இந்த இடத்தில்தான். கிளாம் மெட்டல் என்றால் ஹாலிவுட் என்று முடிவு செய்துகொண்டு தேடுகிறார்கள், ஒன்றும் கிடைக்கவில்லை, குழுவைப் பற்றித் தகவலே இல்லை என்று எழுதிவிடுகிறார்கள்.

தாள் போடுவது

ஸ்ப்ரெட்ஷீட்டில் ஆறு பத்தி போதும்: தேதி, அந்தத் தேதி எவ்வளவு துல்லியம் (நாளா, மாதமா, ஆண்டு மட்டுமா), நிகழ்வு, எங்கிருந்து எடுத்தது, அந்த ஆதாரம் நிகழ்வு நடந்து எத்தனை ஆண்டு கழித்து எழுதப்பட்டது, எவ்வளவு நம்பலாம். ஒரு வரிக்கு ஒரு நிகழ்வு மட்டும். ‘1985இல் ஆல்பம் வந்தது, டூர் போனார்கள்’ என்று ஒரே வரியில் போட்டால், பிறகு டூர் 1986 வரை நீண்டது தெரியவரும்போது எதைத் திருத்துவது என்று தெரியாது.

ஐந்தாவது பத்திதான் இந்த முறையின் உயிர். 1989இல் அச்சான விஷயமும், 2014இல் ஒருவர் நினைவிலிருந்து சொன்ன விஷயமும் ஒரே எடை கொண்டவை இல்லை. அந்த எண்ணைக் கண்முன்னால் வைத்திருந்தால், முரண்பாடு வரும்போது எந்தப் பக்கம் சாய வேண்டும் என்று உங்களுக்கே தெரியும்.

முதலில் ஆல்பங்களை நிரப்புங்கள். கிக்ஸ் (1981), கூல் கிட்ஸ் (1983), மிட்நைட் டைனமைட் (1985), ப்ளோ மை ஃப்யூஸ் (1988), ஹாட் வயர் (1991), ஷோ பிசினஸ் (1995). மற்ற எல்லாவற்றையும் இந்த ஆறு வரிகளுக்கு இடையில் செருகிக்கொண்டே போகலாம்.

தட்டையும் உறையையும் படிப்பது

எல்.பி.யைக் கையில் எடுங்கள். அறை விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைத் தட்டின் விளிம்புக்கு அருகில், ஏறக்குறையப் படுக்கையாகப் பிடியுங்கள். மேலிருந்து அடித்தால் எல்லாம் பளபளத்து ஒன்றும் தெரியாது. கடைசிப் பாட்டின் கோடுகள் முடிந்து காகித லேபிள் தொடங்குவதற்கு முன் ஒரு விரல் அகலத்துக்கு வெறும் கறுப்பு வளையம் இருக்கும். அதில் எழுத்துகள் நிழலாக எழும். சில கையால் கீறியவை, சாய்வாக, உயரம் ஒழுங்கில்லாமல் இருக்கும். சில முத்திரை குத்தியவை, அளவு சீராக இருக்கும். இரண்டையும் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

கிக்ஸை வெளியிட்ட அட்லான்டிக் லேபிளின் அந்தக் காலத் தட்டுகளில் கீறிய எண் எஸ்.டி.-ஏ. என்று தொடங்கும். அதற்குப் பின் வரும் முதல் இரண்டு இலக்கம் ஆண்டு. 81 என்று இருந்தால் மாஸ்டர் (மூலப் பதிவு) எண் கொடுக்கப்பட்டது 1981. எண்ணுக்குப் பின் எஸ்.பி. என்று வந்தால் பென்சில்வேனியாவில் ஓலிஃபன்ட் ஊரிலிருந்த ஸ்பெஷால்டி ரெக்கார்ட்ஸ் ஆலையில் அச்சானது, ஏ.ஆர். என்றால் அலைடு ஆலை.

உறையில் பாருங்கள். வட்டத்துக்குள் பி எழுத்து இருந்தால் அது ஒலிப்பதிவு உரிமையின் ஆண்டு. வட்டத்துக்குள் சி எழுத்து இருந்தால் அட்டை, வடிவமைப்பு முதலியவற்றின் உரிமை ஆண்டு. மறுவெளியீட்டு சி.டி.யில் இரண்டாவது மாறிவிடும், முதலாவது பெரும்பாலும் அப்படியே இருக்கும். மறுவெளியீட்டின் ஆண்டைப் பார்த்து ஆல்பத்தின் ஆண்டு என்று எழுதிவிடுவதுதான் இத்தகைய கட்டுரைகளில் மிகச் சாதாரணமாக வரும் பிழை. ஒலிப்பதிவு உரிமை ஆண்டை மட்டும் நம்பினாலும் போதாது. உறையில் ஓர் ஆண்டு அச்சாகி, அடுத்த ஜனவரியில் கடைக்கு வந்த ஆல்பங்கள் உண்டு. கடைக்கு வந்த தேதிக்கு அந்த வாரப் பத்திரிகை விளம்பரத்தையும் விமர்சனத்தையும் பாருங்கள்.

கேட்டலாக் எண்ணும் முக்கியம். அட்லான்டிக் சேர்ந்த வார்னர் குடும்ப லேபிள்களில் எண்ணின் வால் வடிவத்தைச் சொல்லும்: 1 என்றால் எல்.பி., 2 என்றால் சி.டி., 4 என்றால் கேசட். ப்ளோ மை ஃப்யூஸ் 81877. பழைய பிரதியில் வேறு ஒரு எண் சேர்ந்திருந்தால், பார்கோடு இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தால், அது பெரும்பாலும் தபால் வழி ரெக்கார்டு கிளப்பின் அச்சு. கிளப் பிரதிகள் கடைக்கு வந்த தேதிக்குப் பல மாதம் பிந்தியவையாக இருக்கலாம், அதனால் வெளியீட்டுத் தேதிக்கு அவற்றை ஆதாரமாக எடுக்காதீர்கள். உறையின் மூலையை வெட்டியிருந்தாலோ ரம்பத்தால் ஒரு கீறல் போட்டிருந்தாலோ அது விற்காமல் தள்ளுபடியில் போன பிரதி. ஒரு ஆல்பத்துக்கு அப்படிப்பட்ட பிரதிகள் அதிகம் கண்ணில் பட்டால், கடைக்குப் போன எண்ணிக்கைக்கும் வாங்கப்பட்ட எண்ணிக்கைக்கும் இடைவெளி இருந்தது என்று ஊகிக்கலாம். ஊகம் என்றே எழுதுங்கள்.

உறைப்படத்தை மட்டும் நம்பி யார் வாசித்தார் என்று எழுதவே கூடாது. ஃபின்லாந்தின் ஹனோய் ராக்ஸ் குழுவின் 1982 தொகுப்பான செல்ஃப் டிஸ்ட்ரக்ஷன் ப்ளூஸின் அட்டையில் டிரம்மர் ராசில் இருக்கிறார். ஆனால் உள்ளே இருக்கும் பாடல்கள் அவருக்கு முந்தைய டிரம்மர் ஜிப் கசினோ காலத்தவை. ஆள் மாறிவிட்டார், படமும் மாறிவிட்டது, பாட்டு மட்டும் பழையது. கிக்ஸில் இதற்கு இணையான இடம் கூல் கிட்ஸ். முதல் ஆல்பத்தில் வாசித்த யங்கின்ஸ் அதில் இல்லை, பிராட் டைவன்ஸ் வாசித்தார். மிட்நைட் டைனமைட்டில் யங்கின்ஸ் திரும்பிவிட்டார். ‘அதே ஐந்து பேர் கடைசிவரை’ என்று யாராவது எழுதியிருந்தால் அவர் இரண்டாவது ஆல்பத்தின் உறையைத் திறந்தே பார்க்கவில்லை.

தயாரிப்பாளர் பெயர் சொல்லும் கதை

முதல் நான்கு ஆல்பங்களின் தயாரிப்பாளர்களை வரிசையாக எழுதுங்கள். டாம் ஆலம், பீட் சாலி, போ ஹில், டாம் வெர்மன். நான்கு ஆல்பம், நான்கு பேர். ஆலம் ஜூடாஸ் ப்ரீஸ்டின் பிரிட்டிஷ் ஸ்டீலைச் செய்து முடித்த கையோடு வந்தவர். போ ஹில் 1984இல் ராட் குழுவின் அவுட் ஆஃப் தி செல்லர் வழியே பெயர் எடுத்தவர். வெர்மன் மோட்லி க்ரூவின் ஷவுட் அட் தி டெவில், பாய்சனின் ஓப்பன் அப் அண்ட் சே... ஆ! ஆகியவற்றைச் செய்தவர். அந்தந்த நேரத்தில் யாருடைய கை ராசியாக இருந்ததோ அவரிடம் குழுவைக் கொடுத்துப் பார்த்திருக்கிறது லேபிள் என்றுதான் இந்தப் பட்டியலை நாங்கள் படிக்கிறோம்.

இதை எழுச்சி என்ற பகுதியில் தவறாமல் சேருங்கள். முதல் ஆல்பம் 1981. மோட்லி க்ரூவின் முதல் ஆல்பமும் அதே ஆண்டுதான். ஆனால் கிக்ஸின் பெரிய பாட்டு தரவரிசையின் உச்சிக்கு அருகில் வந்தது 1989இல். எட்டு ஆண்டு இடைவெளி. இந்தக் குழுவைப் பற்றி ஒரே ஒரு விஷயம்தான் சொல்ல முடியும் என்றால் அதைத்தான் சொல்ல வேண்டும்.

பாட்டை எழுதியவர் யார்?

அடுத்த வேலை எண்ணுவது. ஒவ்வொரு ஆல்பத்திலும் ஒவ்வொரு பாட்டுக்கும் அடைப்புக்குறிக்குள் இருக்கும் பெயர்களைத் தனித் தாளில் பதியுங்கள். பாட்டு ஒரு வரி, எழுதியவர் ஒவ்வொருவருக்கும் ஒரு பத்தி. கிக்ஸில் பர்னெலின் பத்தி மட்டும் நிரம்பிக்கொண்டே போகும். பேஸ் வாசித்தவர்தான் குழுவின் முதன்மைப் பாடலாசிரியர். மேடையில் எல்லார் கண்ணும் வைட்மேன்மேல் இருந்தது. தாளில் பெயர் பர்னெலுடையது.

வெளியாட்களின் பெயர் எப்போது நுழைகிறது என்பதையும் குறியுங்கள். 1989இன் பெரிய பாட்டான டோன்ட் க்ளோஸ் யுவர் ஐஸை எழுதியவர்கள் மூவர்: பர்னெல், கிராக் தி ஸ்கை குழுவின் ஜான் பலும்போ, பாப் ஹாலிகன் ஜூனியர். ஹாலிகன் ஜூடாஸ் ப்ரீஸ்டுக்கும் பாட்டு எழுதியவர், தொழில்முறைப் பாடலாசிரியர். வெளியார் பெயர் திடீரென்று வந்தால், ரேடியோவில் ஓடும் பாட்டு வேண்டும் என்ற நெருக்கடி அந்த ஆண்டில் கூடியிருக்கிறதா என்று தேடத் தொடங்குங்கள்.

உறையில் பெயர்கள் தெளிவாக இல்லையென்றால் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்தின் இணையப் பட்டியலில் 1978க்குப் பிந்தைய பதிவுகளைத் தேடலாம். பாட்டின் பெயரும் எழுதியவர் பெயரும் உரிமையாளர் பெயரும் அங்கே இருக்கும். உரிமைச் சங்கங்களான பி.எம்.ஐ., ஆஸ்காப் பட்டியல்களையும் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

பணக் கணக்கு

எழுதியவர் யார் என்பது ஏன் இவ்வளவு முக்கியம்? ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். இதில் பாட்டுக்கான சட்ட விகிதம் மட்டும் உண்மையான எண். மற்றவை அந்தக் காலத்து ஒப்பந்தங்களின் பொதுவான வடிவை வைத்துப் போட்ட மாதிரி எண்கள். கிக்ஸின் ஒப்பந்தம் இல்லை.

1988, 1989 ஆண்டுகளில் அமெரிக்காவில் விற்கும் ஒவ்வொரு பிரதியிலும் ஒரு பாட்டுக்கு 5.25 சென்ட் எழுதியவர் பக்கம் போக வேண்டும் என்பது சட்ட விகிதம். தன் பாட்டைத் தானே வாசிக்கும் குழுவுக்கு லேபிள்கள் ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து போட்டு அதை 75 விழுக்காடாகக் குறைப்பது வழக்கம். பத்துப் பாட்டு கொண்ட ஆல்பம் என்றால் பிரதிக்குச் சுமார் 39 சென்ட். 5,00,000 பிரதிக்கு ஏறக்குறைய 1,97,000 டாலர். இது எழுதியவருக்கும் அவருடைய பதிப்பு நிறுவனத்துக்கும். முதல் பிரதியிலிருந்தே இது சேரத் தொடங்கும், பொதுவாக ஒலிப்பதிவுச் செலவுக்காக இதில் கைவைக்க மாட்டார்கள்.

இப்போது குழு முழுவதற்குமான ராயல்டி. கேசட்டின் பட்டியல் விலை 8.98 டாலர். அதில் பெட்டிச் செலவு என்று 20 விழுக்காடு கழியும், மிச்சம் 7.18. தயாரிப்பாளரின் பங்கு போகக் குழுவுக்கு 9 விழுக்காடு என்று வையுங்கள்: 65 சென்ட். உடைசல் கழிவு என்று அதிலும் பத்தில் ஒரு பங்கு போகும். கடைசியில் பிரதிக்குச் சுமார் 58 சென்ட், 5,00,000 பிரதிக்கு ஏறக்குறைய 2,90,000 டாலர். பரவாயில்லையே என்று தோன்றும். ஆனால் ஒலிப்பதிவுச் செலவு 2,00,000, வீடியோச் செலவில் குழுவின் தலையில் விழும் பாதி 1,00,000, டூருக்கு லேபிள் கொடுத்த முன்பணம் 1,50,000 என்றால் மொத்தம் 4,50,000. தங்கத் தட்டு (5,00,000 பிரதிக்கான சான்றிதழ்) வாங்கிய பிறகும் குழு லேபிளுக்கு 1,60,000 டாலர் கடன். அடுத்த ஆல்பத்தின் வருமானம் முதலில் இந்தக் கடனைத்தான் அடைக்கும்.

ஒரே வேனில் போய், ஒரே மேடையில் வாசித்த ஐந்து பேரில் எழுதியவர் வீட்டுக்கு மட்டும் காசோலை வரும். மற்ற நால்வருக்கும் டூரில் கிடைக்கும் தினப்படிதான். 1980களின் பெரும்பாலான குழுக்களில் உறவு விரிசல் விட்டதற்கு அடியில் இந்த ஏற்பாடு இருந்தது. ஆனால் ஒரு குறிப்பிட்ட குழு இதனால்தான் உடைந்தது என்று எழுத வேண்டுமானால், உறுப்பினர்களில் ஒருவராவது வெளிப்படையாகச் சொல்லியிருக்க வேண்டும் அல்லது வழக்கு ஆவணம் இருக்க வேண்டும். கணக்கு உங்களுக்குக் கேள்வியைத் தரும், பதிலைத் தராது. உயிரோடு இருக்கும் ஒருவரைப் பேராசைக்காரர் என்று இந்தக் கணக்கை மட்டும் வைத்து எழுதிவிடக் கூடாது.

தரவரிசையும் தங்கத் தட்டும்

டோன்ட் க்ளோஸ் யுவர் ஐஸ் பில்போர்டு ஹாட் 100இல் 11ஆம் இடம் வரை போனது. ஆல்பம் கடைக்கு வந்தது 1988 செப்டம்பர். பாட்டு உச்சத்தைத் தொட்டது 1989 கடைசியில். ஓர் ஆண்டுக்கும் மேல் இடைவெளி. இந்த இரண்டு தேதிகளையும் ஒன்றாக்கி ‘1988இன் வெற்றி’ என்று எழுதுபவர்கள் உண்டு. உங்கள் தாளில் இரண்டும் தனித்தனி வரியாக இருந்தால் அந்தப் பிழை வராது. ஆல்பம் பில்போர்டு 200இல் 46ஆம் இடத்தைத் தொட்டது. பாட்டின் இடமும் ஆல்பத்தின் இடமும் வேறு வேறு பட்டியல். எண்ணைச் சொல்லும்போதெல்லாம் பட்டியலின் பெயரையும் சொல்லுங்கள்.

இங்கே பலர் கவனிக்காத ஒரு விஷயம் இருக்கிறது. 1991 மே 25 இதழுக்கு முன் பில்போர்டின் ஆல்பம் பட்டியல், கடைக்காரர்கள் எது நன்றாகப் போகிறது என்று சொன்னதை வைத்துத் தயாரானது. அந்த இதழிலிருந்து சவுண்ட்ஸ்கேன் முறை, அதாவது கடையில் பார்கோடு ஸ்கேன் ஆன எண்ணிக்கை. ஹாட் 100 அதே ஆண்டு நவம்பர் 30 இதழில் மாறியது. ஆக, ப்ளோ மை ஃப்யூஸின் இடம் பழைய அளவுகோலில், ஹாட் வயரின் இடம் புதிய அளவுகோலில். இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ‘இத்தனை இடம் சரிந்தது’ என்று எழுதினால் அது தவறான ஒப்பீடு.

பில்போர்டு இதழின் மேல் இருக்கும் தேதி சனிக்கிழமை. இதழ் கடைக்கு வருவது அதற்குப் பல நாள் முன்பே. துல்லியமாக எழுதுபவர்கள் ‘இந்தத் தேதியிட்ட இதழில்’ என்று சொல்வார்கள்.

தங்கம் என்றால் 5,00,000 பிரதி, பிளாட்டினம் என்றால் 10,00,000. ஆனால் சான்றிதழ் தானாக வராது. லேபிள் கேட்டுப் பணம் கட்டித் தணிக்கை செய்தால்தான் வரும். அந்தக் காலத்தில் எண்ணியதும் கடைக்கு அனுப்பியவற்றை. ப்ளோ மை ஃப்யூஸுக்குப் பிளாட்டினம் கிடைத்தது 2000ஆம் ஆண்டில், குழு கலைந்த பிறகு. அதை வைத்து ‘1989இல் பத்து லட்சம் விற்றவர்கள்’ என்று எழுதினால் அன்று அவர்கள் இருந்த நிலைமை பற்றிப் படமே மாறிவிடும்.

நிர்வாணாதான் காரணமா?

தாள் நிரம்பிய பிறகு இந்தக் கேள்வியை அதனிடமே கேளுங்கள். ஹாட் வயர் வந்தது 1991 கோடையில். நிர்வாணாவின் நெவர்மைண்ட் ஆல்பம் வெளியானது 1991 செப்டம்பர் 24, அது முதலிடத்துக்கு வந்தது 1992 ஜனவரி 11 தேதியிட்ட இதழில். ஹாட் வயர் கடைக்கு வந்து முதல் சில வாரங்களில் ஓடியிருக்க வேண்டிய காலத்தில் நிர்வாணா யாரென்றே பெரும்பாலானோருக்குத் தெரியாது.

அப்படியானால் வேறு என்ன மாறியது? 1988 செப்டம்பருக்கும் 1991 கோடைக்கும் நடுவில் ஏறக்குறைய மூன்று ஆண்டு. பெரிய பாட்டு கிடைத்த குழு, அந்தச் சூடு ஆறுவதற்குள் அடுத்த ஆல்பத்தைக் கொண்டுவரவில்லை. லேபிளும் மாறியிருந்தது: ஹாட் வயர் வந்தது அட்லான்டிக்கின் துணை லேபிளான ஈஸ்ட்வெஸ்ட்டில். எங்கள் பார்வையில் கிக்ஸின் சரிவை இந்த இரண்டு இடத்திலிருந்து எழுதத் தொடங்க வேண்டும். கிரஞ்ச் அலை மீண்டு எழ வழியில்லாமல் செய்தது என்பது உண்மைதான். தள்ளிவிட்டது அது இல்லை. 1995இல் ஷோ பிசினஸ் வந்தபோது பெரிய லேபிளே இல்லை. வட கரோலினாவின் சி.எம்.சி. இன்டர்நேஷனல் வெளியிட்டது, 1980களின் குழுக்களுக்குப் பிற்காலப் புகலிடமாக இருந்த சிறிய நிறுவனம்.

பிரிந்த தேதியைக் கண்டுபிடிப்பது

பிரிவுக்கு ஒரு நாள் இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். கடைசி ஒலிப்பதிவு, கடைசி நிகழ்ச்சி, முதலில் விலகியவர், அறிவிப்பு, உறுப்பினர்களின் அடுத்த குழு தொடங்கிய நாள் என்று ஐந்து வரி போடுங்கள். ஐந்தும் ஒரே ஆண்டில் விழுவது அபூர்வம். அறிவிப்பே இல்லாமல் கலைந்த குழுக்களுக்கு ஐந்தாவது வரிதான் கைகொடுக்கும். கிக்ஸுக்குப் பிறகு வைட்மேனும் சால்ஃபன்டும் ஃபன்னி மணி என்ற குழுவில் இருந்தார்கள். ஃபோர்சைத் ரைனோ பக்கெட்டில் வாசித்தார். அந்தக் குழுக்களில் இவர்கள் பெயரோடு வந்த முதல் விளம்பரங்களிலிருந்து பின்னோக்கி வந்தால் பழைய குழு எப்போது உண்மையிலேயே நின்றது என்று பிடித்துவிடலாம்.

திடீர்ப் பிரிவு என்று எல்லோரும் நினைக்கும் குழுவிலும் இப்படித்தான். ஹனோய் ராக்ஸின் ராசில் 1984 டிசம்பர் 8 அன்று கலிஃபோர்னியாவின் ரெடோண்டோ பீச்சில், மோட்லி க்ரூவின் வின்ஸ் நீல் ஓட்டிய காரில் இறந்தார். அன்றோடு குழு முடிந்தது என்று பல இடங்களில் எழுதியிருக்கும். தாளில் போட்டுப் பார்த்தால்: 1985 ஜனவரித் தொடக்கத்தில் ஹெல்சிங்கியில் கிளாஷ் குழுவின் டெர்ரி சைம்ஸை டிரம்ஸில் வைத்துக்கொண்டு வாசித்திருக்கிறார்கள். பேஸ் வாசித்த சமி யாஃபா அதன் பின் விலகினார். ரெனே பெர்க் வந்தார், போலந்தில் நிகழ்ச்சிகள் நடந்தன, 1985 நடுவில்தான் கலைந்தார்கள். அந்த ஆறு மாதத்தை விட்டுவிட்டால், நண்பனை இழந்த பிறகும் அவர்கள் குழுவைக் காப்பாற்றப் பார்த்தது யாருக்கும் தெரியாமல் போய்விடும்.

மறுசேர்க்கையையும் இதே கண்ணோடு பாருங்கள். யார் திரும்பினார் என்பதைவிட யார் திரும்பவில்லை என்பது பெரிய செய்தி. 2003இல் கிக்ஸ் மீண்டும் கூடியபோது பர்னெல் இல்லை, பேஸில் மார்க் ஷென்கர். பாதிக்கு மேற்பட்ட பாட்டுகளை எழுதியவர் இல்லாமல் அந்தப் பாட்டுகளை வாசித்த குழு. இதை உங்கள் கட்டுரை ஒரு வரியில் தாண்டிவிடக் கூடாது.

பேட்டிகளைக் கையாள்வது

பிரிந்த குழுவின் பேட்டிகளில், பேசுபவரே எப்போதும் நியாயம் உள்ளவராக இருப்பார். ஒரு சம்பவத்துக்குக் குறைந்தது இரண்டு உறுப்பினர்களின் சொல்லை எடுங்கள், அதிலும் ஒருவர் விலகியவர், ஒருவர் தங்கியவர். இருவரும் ஒத்துப்போகிற பகுதியை மட்டும் உண்மையாக எழுதி, மற்றதை ‘அவர் சொல்வது’ என்று பெயரோடு எழுதுங்கள். விலகியவர் பேசுவதே இல்லையென்றால் அதையும் குறிப்பிட வேண்டும். வாசகர் கேட்பது ஒரு பக்கத்தை மட்டும் என்பது அவருக்குத் தெரிய வேண்டும்.

டெமோ பதிவுகள் (ஆல்பத்துக்கு முன் செய்யும் மாதிரிப் பதிவுகள்) கிடைத்தால் பேட்டியைவிட அவை மேல். 2018இல் வந்த ஃப்யூஸ் 30 ரீப்ளோன் வெளியீட்டில் ப்ளோ மை ஃப்யூஸை போ ஹில் மறுகலவை செய்திருக்கிறார், கூடவே பழைய டெமோக்களும் இருக்கின்றன. ஒரே பாட்டின் டெமோ, 1988 பதிப்பு, மறுகலவை மூன்றையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். ஹெட்ஃபோனில், ஒலி அளவைச் சமப்படுத்திக்கொண்டு. இல்லையென்றால் சத்தமாக இருப்பது நன்றாக இருப்பதாகத் தோன்றும். கிட்டார் வரிகள் டெமோவிலேயே இருந்தவையா, ஸ்டூடியோவில் சேர்ந்தவையா என்று குறித்தால், தயாரிப்பாளர் எவ்வளவு செய்தார் என்பது யார் சொல்லாமலும் தெரியும்.

எழுத உட்காரும்போது

பெயர்களின் தமிழ் எழுத்துக்கூட்டலை முதலிலேயே ஒரு பட்டியலாகப் போட்டுவிடுங்கள். வைட்மேன், ஒயிட்மேன் என்று இரண்டு விதமாக வந்தால் தேடுபவருக்குக் கிடைக்காது. பாட்டின் பெயரை மொழிபெயர்க்க வேண்டாம், பாட்டு எதைப் பற்றியது என்று ஒரு வரியில் சொன்னால் போதும். டோன்ட் க்ளோஸ் யுவர் ஐஸ் உயிரை மாய்த்துக்கொள்ளும் விளிம்பில் இருப்பவரிடம் மன்றாடும் பாட்டு என்று சொல்லாமல் விட்டால், தமிழ் வாசகர் அதைக் காதல் பாட்டு என்று நினைத்துக்கொள்வார். வரிகளை நீளமாக எடுத்துப் போடாதீர்கள், உரிமைப் பிரச்சினை வரும்.

உடல்நலம், போதை பற்றிய விஷயங்களில், அவர்களே பொதுவில் சொன்னதையும் மேடையில் எல்லோர் முன்னும் நடந்ததையும் மட்டும் எழுதுங்கள். 2022 நவம்பரில் வர்ஜீனியாவில் ஒரு நிகழ்ச்சியின் நடுவே சால்ஃபன்டுக்கு இதயத் துடிப்பு நின்று, அங்கேயே உயிர்காப்பு முதலுதவி கொடுக்கப்பட்டுப் பிழைத்தார். இது செய்தியாக வந்தது, வரலாற்றின் பகுதி. அதற்கு மேல் மருத்துவ விவரம் தேடிப் போக வேண்டாம்.

ஏறக்குறைய 2,000 சொல் கட்டுரை என்றால் தொடக்கத்திலிருந்து முதல் ஆல்பம் வரை 300 சொல்லும், 1981 முதல் 1988 வரை 700 சொல்லும் கொடுங்கள். 1989 ஒன்றுக்கே 300 கொடுக்கலாம். சரிவுக்கும் பிரிவுக்கும் 500, பிறகு நடந்தவற்றுக்கு மீதி. பலர் தலைகீழாகச் செய்கிறார்கள், பெரிய பாட்டுக்கே பாதியைக் கொட்டிவிட்டு அதற்கு முந்தைய எட்டு ஆண்டுகளை ஒரு பத்தியில் முடிக்கிறார்கள். பிற்பகுதியில் 2014இன் ராக் யுவர் ஃபேஸ் ஆஃப் ஆல்பத்தையும், வைட்மேன் பின்னாளில் பாட்டு கற்றுக்கொடுத்தவர்களில் ஹேல்ஸ்டார்ம் குழுவின் லிசி ஹேல் ஒருவர் என்பதையும் விட்டுவிடாதீர்கள். கடைசி நிகழ்ச்சி 2023 செப்டம்பர் 17, மேரிலாந்தில் கொலம்பியா ஊரின் மெர்ரிவெதர் போஸ்ட் பெவிலியன். அந்த வரிக்கு நாள், ஊர், அரங்கம் மூன்றும் துல்லியமாகக் கிடைக்கின்றன. தாளின் முதல் வரியான 1977க்கு இன்னும் ஆண்டு மட்டும்தான். ஹேகர்ஸ்டவுன் நாளிதழின் பழைய விளம்பரப் பக்கங்களில் ஜெனரேட்டர்ஸ் என்ற பெயரைத் தேடத் தொடங்குங்கள்.